நாளின் மேல் பழி போடலாமா?

காலையில் எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, ஸ்வாமி விளக்கை ஏற்றியதும் நம்மில் பலர் அடுத்ததாகச் செய்வது என்ன? தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பது! புதிய தாளில் கண் முதலில் எங்கே போகிறது? ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம்... 'இன்றைக்கு நமக்கு எப்படி இருக்குமோ?' என்கிற சின்னக் கவலை.

இதில் தவறு ஒன்றும் இல்லை. குடும்ப பாரத்தைச் சுமக்கிறவர்களுக்கு நாளைப் பற்றிய அக்கறை இருக்கத்தான் செய்யும். ஆனால், அந்த அக்கறை சில சமயம் எல்லை தாண்டிவிடுகிறது. 'இன்று வேண்டாம், நாளை செய்யலாம்' என்பதில் தொடங்கி, 'இந்த நாளே ஆகாத நாள்' என்று வளர்ந்து, கடைசியில் 'இந்த நாளில் பிறந்தவளே ஆகாதவள்' என்பதில் போய் முடிகிறது. அங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நல்லது கெட்டது என்பது நாளிலேயே இருக்கிறதா? ஒரு நாளில் நடந்த துக்கத்துக்கு, அதே நாளில் பிறந்த ஓர் உயிர் பொறுப்பாக முடியுமா?

ஒரு தாயின் கேள்வி

கூடுவாஞ்சேரியில், நந்திவரம் நந்தீஸ்வரர் கோயிலில் ஒரு பிரதோஷ நாள். அபிஷேகம் முடிந்து, பிரசாதத்துக்காகக் காத்திருந்த நேரத்தில், அருகில் அமர்ந்திருந்த பெண்மணி தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"எங்க மாமனார் காலமான அன்னிக்கு ராத்திரிதான் என் பொண்ணு பொறந்தா. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க, 'தாத்தாவை முழுங்கிட்டுப் பொறந்தவ'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடறாங்க. அவளுக்கு இப்ப எட்டு வயசு. போன வாரம் என்கிட்ட வந்து, 'நான் பொறந்ததாலதான் தாத்தா செத்துட்டாராம்மா?'ன்னு கேட்கறா. நான் என்னங்க பதில் சொல்றது?"

சொன்னவர்கள் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். கேட்ட குழந்தை அதை எட்டு வயதில் சுமந்துகொண்டு நிற்கிறாளே! இதற்குச் சமாதானமாக ஏதோ ஒன்றைச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. நாள் என்றால் என்ன என்பதையே பார்த்தாக வேண்டும். அதற்குக் காலண்டரில் இருந்து ஒரே ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 22.

ஒரு தேதி... மூன்று நிகழ்ச்சிகள்!

1853-ம் வருஷம் டிசம்பர் 22. வங்காளத்தில் ஜெயராம்பாடி என்கிற சிற்றூரில், ஏழை அந்தணர் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர்தான் பின்னாளில் ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சரின் தர்மபத்தினியாகி, இன்று உலகமே வணங்கும் அன்னை ஸ்ரீசாரதா தேவி.

1887-ம் வருஷம் அதே டிசம்பர் 22. ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார் கணித மேதை ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில், சார்ங்கபாணி சந்நிதித் தெருவில். குடும்பமே நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அசையாத பக்தி கொண்டது. கடல் கடந்து போகக் கூடாது என்று தடுத்த தாய் கோமளத்தம்மாள், தாயாரே கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்லித்தான் மகனை 1914-ல் லண்டனுக்கு வழியனுப்பினார் என்பார்கள். அவர் பிறந்த டிசம்பர் 22, 2012-ல் இருந்து தேசிய கணித தினமாக நாடு முழுவதும் கொண்டாடப்படுகிறது.

1964-ம் வருஷம் அதே டிசம்பர் 22, இரவு. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் பாசஞ்சர் ரயில் புறப்பட்டது. அதில் சுமார் 115 பேர். புயலின் நடுவே, தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும் நேரத்தில் எழுந்த ராட்சத அலை, ரயிலையே வாரிச் சுருட்டியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஸ்டேஷன், தபால் ஆபீஸ், வீடுகள் எல்லாமே ஓர் இரவில் சிதைந்தன. ஸ்ரீராமனின் வில்முனை பட்டதாக நாம் போற்றும் அந்தப் புண்ணிய பூமி, மனிதர்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டது.

இப்போது சொல்லுங்கள்... டிசம்பர் 22 நல்ல நாளா, கெட்ட நாளா?

ஜெயராம்பாடிக்குப் போனால் அது தாய் பிறந்த நாள். கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது பெருமைக்குரிய நாள். ராமேஸ்வரத்து மீனவக் குடும்பத்துக்கு அது பாட்டனைக் கடல் கொண்ட நாள். தேதி ஒன்றுதான், அது எந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாரதா தேவி 1911-ல் தென்னாட்டுக்கு யாத்திரை வந்தார். சென்னை மடத்தின் ராமகிருஷ்ணானந்தர்தான் ஏற்பாடு செய்தார். மதுரை மீனாட்சியைத் தரிசித்துவிட்டு ராமேஸ்வரம் சென்ற அன்னை, 108 தங்க வில்வ இலைகளால் ராமநாத ஸ்வாமியை அர்ச்சித்து மகிழ்ந்தார். அவர் மனம் குளிர நின்ற அதே தீவின் ஒரு முனையைத்தான், அவர் பிறந்த அதே தேதியில், 53 வருஷங்களுக்குப் பிறகு கடல் விழுங்கியது. இதற்காக அன்னையின் பிறந்த நாளை யாராவது குறை சொல்வார்களா? நினைக்கவே நாக் கூசுகிறது அல்லவா? மகான் விஷயத்தில் கூசுகிற நாக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தை விஷயத்தில் மட்டும் ஏன் கூசுவதில்லை?

புயல் எப்போது பிறந்தது?

தனுஷ்கோடியை அழித்த புயல் டிசம்பர் 22-ல் பிறந்ததல்ல. சில நாட்களுக்கு முன்பே அந்தமானுக்குத் தெற்கே கடலில் காற்றழுத்தத் தாழ்வாக உருவாகி, மெள்ள மெள்ள வலுப்பெற்று, இலங்கையில் வவுனியாவைக் கடந்து, பிறகுதான் நம் கரைக்கு வந்தது. 22-ம் தேதி என்பது அது வந்து சேர்ந்த நாள், அவ்வளவுதான். அதை வரவழைத்த நாள் அல்ல.

அந்த ரயிலில் இருந்தவர்கள் செய்த பாவம்தான் அலையாக வந்தது என்று சொல்ல நம்மில் யாருக்காவது வாய் வருமா? அந்த விபரீதத்துக்கு மனிதர்களையும் குற்றம் சொல்ல முடியாது. தேதியையும் குற்றம் சொல்ல முடியாது. கடலும் காற்றும் தங்கள் வழியில் வந்தன. நாம் செய்யக்கூடியது, போனவர்களுக்காக ஒரு பிரார்த்தனை; இருப்பவர்களுக்காக ஒரு கை உதவி.

அந்தக் கூடுவாஞ்சேரித் தாய்க்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. தாத்தாவின் உடல்நலக் குறைவு, பேத்தி பிறந்த அன்று தொடங்கியதா? இல்லையே! அது தன் வழியில் எத்தனையோ நாளாக வந்துகொண்டிருந்தது. அந்தக் குழந்தையும் பத்து மாதங்கள் தாய் வயிற்றில் தன் வழியில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பயணங்கள் ஒரே நாளில் வந்து முடிந்தன. ஒன்று மற்றொன்றை அனுப்பவில்லை. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவும் இல்லை.

எது அந்த நாள்?

'ஒரே நாள்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்தக் கணக்கில் ஒரே நாள்?

தனுஷ்கோடி ரயில் பாம்பனை விட்டது நள்ளிரவுக்குச் சற்று முன்பு. அலை வந்தது நள்ளிரவு தாண்டி. அதனால் இந்த விபத்தைச் சிலர் 22 என்றும், சிலர் 23 என்றும் எழுதுகிறார்கள். இங்கிலீஷ் கணக்கில் நடுராத்திரி 12 மணிக்கு நாள் மாறிவிடுகிறது. நம் பஞ்சாங்கத்திலோ, ஒரு சூரிய உதயத்தில் இருந்து மறு உதயம் வரை ஒரு நாள். அந்தக் கணக்கில் விடியும் வரை அது முந்தைய நாள்தான்!

திதிக்கு வருவோம். ராமகிருஷ்ண மடங்களில் அன்னையின் ஜயந்தியைத் தேதியை வைத்துக் கொண்டாடுவதில்லை. அவர் அவதரித்த தேய்பிறை சப்தமி திதியைத்தான் கணக்கில் கொள்வார்கள். சந்திரனின் பன்னிரண்டு மாதங்களுக்குச் சுமார் 354 நாட்கள். சூரியனின் வருஷத்துக்கு 365 நாட்கள். அதனால் திதி ஒவ்வொரு வருஷமும் பதினோரு நாள்போல முன்னால் நகரும். பிறகு அதிக மாதம் ஒன்று வந்து அதைப் பின்னுக்கு இழுத்துச் சரிக்கட்டும். ஏறக்குறைய 19 வருஷங்களுக்கு ஒரு முறைதான் தேதியும் திதியும் மறுபடி கைகோக்கும். 2024-ல் அப்படித்தான் டிசம்பர் 22-லேயே அன்னையின் ஜயந்தி வந்தது. 2025-ல் அதே ஜயந்தி டிசம்பர் 11-க்கு நகர்ந்துவிட்டது.

நம் வீட்டிலும் இதே கதைதானே? குழந்தைக்கு இங்கிலீஷ் தேதியில் ஒரு பிறந்த நாள், நட்சத்திரத்தில் ஒரு பிறந்த நாள். திவசமோ திதியில். மூன்றும் மூன்று பக்கம் நகர்கின்றன. நிலையாக நிற்காத ஒன்றின் மேல் நிலையான ஒரு பழியை எப்படிச் சுமத்துவது?

23 பேர் போதும்

ராமானுஜனை நினைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்கும் பார்த்துவிடலாம்.

தாம்பரத்தில் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் 23 பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்த நாள் இருக்க எவ்வளவு வாய்ப்பு? ரொம்பக் குறைவு என்றுதானே தோன்றுகிறது? அதுதான் இல்லை, பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு! 50 பேர் இருந்தால் நூற்றுக்கு 97 பங்கு வாய்ப்பு. ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஜோடி சேர்த்துப் பார்க்கும்போது, ஜோடிகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறிவிடுகிறது. அதுதான் காரணம்.

உலகத்தில் கோடானுகோடி மனிதர்கள். அவர்கள் பிறக்கவும், மாலை மாற்றிக்கொள்ளவும், கண் மூடவும் இருப்பது மொத்தமே 366 தேதிகள். அப்படியானால் துக்கம் நடக்காத தேதி ஒன்று உண்டா? சந்தோஷம் நடக்காத தேதிதான் உண்டா? ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டும் ஒரு தேதியில் சேருவது அபூர்வ சாபம் இல்லை. பெரிய குடும்பங்களில் என்றாவது நடக்கக்கூடிய சாதாரண விஷயம்.

ஆகாதவை என்று ஒதுக்கினால்...

அஷ்டமி, நவமி ஆகாது என்போம். ஆனால், அஷ்டமியில் கண்ணன் அவதரித்தான். நவமியில் ராமன் அவதரித்தான். மூல நட்சத்திரம் என்ற ஒரே காரணத்துக்காக எத்தனை பெண்களின் கல்யாணம் தட்டிப் போகிறது! அதே மூல நட்சத்திரத்தில்தான் அனுமன் ஜயந்திக்கு வடை மாலை சாத்துகிறோம். நவராத்திரியில் மூல நட்சத்திரம் வரும்போதுதான் சரஸ்வதியை வீட்டுக்கு அழைக்கிறோம். மார்கழியில் சுபகாரியம் கூடாது என்று பீடை மாதமாகவே சிலர் பேசுகிறார்கள். கண்ணனோ கீதையில் மார்கழியைத் தன்னுடைய மாதமாகச் சொல்கிறான். நாம் பார்த்த மூன்று டிசம்பர் 22-களும் மார்கழியில் வந்தவைதான்!

நாளை ஒதுக்குகிற பழக்கம், ஆளை ஒதுக்குகிற பழக்கமாக மாறுவதுதான் ஆபத்து. ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் மறைந்தபோது அவருக்கு வயது 32. மனைவி ஜானகி அம்மாளுக்கு 21. அந்தக் காலத்தில் இளம் விதவை என்றால், எதிரில் வந்தாலே சகுனம் சரியில்லை என்பார்கள். ஜானகி அம்மாளோ தையல் கற்றுக்கொண்டார். திருவல்லிக்கேணியில் தனியாக வாழ்ந்து, தைத்துச் சம்பாதித்தார். தாயில்லாமல் போன ஒரு பையனைத் தன் மகனாகவே வளர்த்து ஆளாக்கினார். 1994 வரை நிறைவாக வாழ்ந்தார். ஒரு குழந்தைக்கு வாழ்வு கொடுத்த கையை அமங்கலம் என்று எந்தச் சாஸ்திரம் சொல்லும்?

நம் தென் புறநகர்வாசிகள் மறக்க முடியாத தேதி ஒன்று உண்டு. 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று எங்கு பார்த்தாலும் தண்ணீர். அந்த நாட்களில் கல்யாண மண்டபம், கோயில், மசூதி, சர்ச் என்று எல்லா இடத்திலும் அடுப்பு எரிந்தது; முகம் தெரியாதவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் போனது. படகில் மீட்கப்பட்ட ஒரு கர்ப்பிணி, தன்னைக் காப்பாற்றிய வேற்று மதத்து இளைஞரின் பெயரையே பிறந்த குழந்தைக்குச் சூட்டினார் என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. யோசித்துப் பாருங்கள்... 'வெள்ளத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது' என்று அந்தக் குழந்தையைச் சொல்லியிருக்க முடியும். அந்தத் தாய் அப்படி நினைக்கவில்லை. அந்த நாளில் இருந்த நல்லதை எடுத்துக் குழந்தைக்குப் பெயராகக் கொடுத்துவிட்டார்!

அப்படியானால் பஞ்சாங்கம் வேண்டாமா?

இந்தக் கேள்வி உங்களுக்கு எழும். எழ வேண்டும்.

பஞ்சாங்கம் வேண்டும். முகூர்த்தம் பார்ப்பது, 'ஒரு நல்ல காரியத்தை எப்போது தொடங்கலாம்?' என்று பெரியவர்களையும் தெய்வத்தையும் கேட்டுக்கொள்வது. அதனால் மனம் ஒருமைப்படுகிறது, உற்றார் உறவினர் கூட வழி பிறக்கிறது, அவசரம் குறைகிறது. ஆனால், பஞ்சாங்கத்திடம் 'எப்போது?' என்று கேட்கலாமே தவிர, 'யாரை ஒதுக்கலாம்?' என்று கேட்கக் கூடாது.

திருஞானசம்பந்தர் சரித்திரம் நமக்கு வழிகாட்டுகிறது. மங்கையர்க்கரசியார் அழைப்பை ஏற்று, வேதாரண்யத்தில் இருந்து மதுரைக்குக் கிளம்புகிறார் சம்பந்தர். உடனிருந்த அப்பர் பெருமான் கவலைப்படுகிறார். கோள்களின் நிலை சரியில்லை, இப்போது போக வேண்டாம் என்று அன்போடு தடுக்கிறார். அப்போது பிறந்ததுதான் கோளறு பதிகம். சிவபெருமானை நெஞ்சில் வைத்த அடியாருக்கு எந்தக் கோளும் தீங்கு செய்யாது என்று பாடிவிட்டு, சம்பந்தர் புறப்பட்டார். போன காரியமும் ஜயமாயிற்று.

இங்கே அப்பர் நாள் பார்த்தது தவறில்லை; அது அன்பு. சம்பந்தர் புறப்பட்டதும் தவறில்லை, அது நம்பிக்கை. இருவருமே யாரையும் பழிக்கவில்லை. நாள் பார்ப்பதும், அதைத் தாண்டிப் போவதும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்தக் குழந்தைக்கு என்ன சொல்வது?

"நீ வந்ததால் தாத்தா போகவில்லை கண்ணா. தாத்தாவுக்கு உடம்பு முன்னாடியே சரியில்லை. நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்த அன்று, ஸ்வாமி உன்னை எங்களிடம் கொடுத்தார்." இதை அம்மா சொல்லலாம். பாட்டி சொன்னால் இன்னும் விசேஷம். ஏனென்றால், அன்று அதிகமாக இழந்தவர் அவர்தான். அவர் வாயால் வருகிற ஒரு வார்த்தை, உறவினர்கள் சொன்ன நூறு வார்த்தைகளை அழித்துவிடும்.

திவசத்தைத் திதியில் முறைப்படி செய்யுங்கள். குழந்தையின் பிறந்த நாளை நட்சத்திரத்தில் கொண்டாடுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரு நாளாவது முன்னே பின்னே தள்ளித்தான் வரும். என்றாவது ஒரே நாளில் சேர்ந்தால், வீட்டு வாத்தியாரைக் கேட்டு முதலில் பித்ரு காரியத்தைக் குறைவில்லாமல் முடித்துவிட்டு, மாலையில் குழந்தையைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று அர்ச்சனை செய்யலாம். தாத்தாவின் படத்துக்கு முன்னால் அவளையே ஒரு விளக்கு ஏற்றச் சொல்லுங்கள். தன்னால் போனவர் என்று அவள் பயந்த தாத்தா, தன்னை ஆசீர்வதிக்கும் தாத்தாவாக மாறிவிடுவார்.

கோயிலைப் பாருங்களேன். ஒரே சந்நிதியில், ஒரே நேரத்தில் ஒருவர் ஆயுள் விருத்திக்கு அர்ச்சனைச் சீட்டு நீட்டுகிறார். இன்னொருவர் மறைந்தவருக்காக மோட்ச தீபம் ஏற்றுகிறார். 'இன்று நல்ல நாளா, கெட்ட நாளா? முதலில் அதை முடிவு செய்துகொண்டு வாருங்கள்' என்று ஸ்வாமி இருவரில் ஒருவரைத் திருப்பி அனுப்புகிறாரா என்ன?

சாரதா தேவி தம் கடைசி நாட்களில் ஓர் அன்பருக்குச் சொன்ன உபதேசம் பிரசித்தம். மன அமைதி வேண்டுமானால் பிறரிடம் குற்றம் பார்க்காதே; இந்த உலகில் யாருமே அந்நியரில்லை என்பது அதன் சாரம். மனிதர்களிடம் குற்றம் பார்க்கக் கூடாது என்றால், அவர்கள் பிறந்த நாளிலும் நட்சத்திரத்திலும் மட்டும் பார்க்கலாமா?

டிசம்பர் 22-ஐ ஒட்டித்தான் வருஷத்தின் மிகக் குறுகிய பகல் வருகிறது. அதன் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் கூடுகிறது. இந்த மார்கழியில், விடியற்காலையில் கோலம் போட்டு விளக்கேற்றும்போது ஒரு சங்கல்பம் செய்துகொள்வோம். 'இவள் வந்த நேரம்', 'இவன் பிறந்த வேளை' என்கிற வார்த்தை, பழியாக நம் வீட்டில் இனி யார் வாயில் இருந்தும் வரக் கூடாது. வந்தால் அந்த இடத்திலேயே அன்பாகத் திருத்துவோம். முக்கியமாக, அருகில் குழந்தைகள் இருக்கும்போது!